நுவார் போஸ்டர் வாங்கப் போகிறீர்களா: ஒன்-ஷீட்டா, லாபி கார்டா, ஐரோப்பியப் போஸ்டரா, புதுப் பிரின்டா?

கையில் 500 டாலர் இருக்கிறது, ஹாலில் ஒரு சுவர் காலியாகக் கிடக்கிறது, ரீட்டா ஹேவொர்த் நடித்த ‘கில்டா’வின் ஒரிஜினல் போஸ்டர் வாங்கி மாட்டலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நுவார் என்று இன்று நாம் சொல்லும் பழைய ஹாலிவுட் கறுப்பு வெள்ளைக் கிரைம் படங்களில் அதுவும் ஒன்று. படத்தின் பெயரை மட்டும் மாற்றி இதே கேள்வியை இன்னும் நாலைந்து பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 1946-இல் வந்த கில்டாவின் முதல் வெளியீட்டுப் போஸ்டர், நல்ல நிலையில், 500 டாலருக்குக் கிடைக்காது. பக்கத்தில் இன்னொரு சைபர் போட்டாலும் சந்தேகம்தான். ஆனால் அதே 500 டாலருக்கு 1940களில் அச்சான, ஏதோ ஒரு தியேட்டர் வாசலில் நிஜமாகவே தொங்கிய காகிதம் கிடைக்கும். எந்தக் காகிதம் என்பதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள்.

## முதலில் உங்களுக்கு என்ன வேண்டும்?

சுவரில் அந்தப் படம் வேண்டுமா, அல்லது அந்தக் காலத்துக் காகிதமே வேண்டுமா? இதற்குப் பதில் சொல்லாமல் ஏலத்தளத்துக்குள் நுழைந்தால் இரண்டுக்கும் நடுவில் எதையோ வாங்கிவிட்டு வருவீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

அதற்கப்புறம் நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள்.

- ஓவியமும் அச்சும் எவ்வளவு நன்றாக இருக்கின்றன.
- அசல்தான் என்று என்னால் சோதித்துப் பார்க்க முடியுமா.
- வாங்கிய விலைக்கு மேல் இன்னும் எவ்வளவு செலவாகும்.
- வீட்டில் இடம் இருக்கிறதா.
- நாளைக்கே விற்க நேர்ந்தால் யாராவது வாங்குவார்களா.

கடைசியாகச் சொன்னதை ‘முதலீடு’ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏல நிறுவனங்களில் வாங்கும்போது ஏலம் முடிந்த விலைக்கு மேல் 20 முதல் 25 சதவீதம் பையர்ஸ் பிரீமியம் கொடுப்பது சாதாரணம். விற்கும்போது நம் பங்கிலும் கமிஷன் போகும். வாங்கி இரண்டு வருடத்தில் விற்றால் அனேகமாக நஷ்டம்தான்.

ஒரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தப் போஸ்டர்களை அச்சடித்த அமெரிக்க ஸ்டூடியோக்களுக்கு ‘நுவார்’ என்ற சொல்லே தெரியாது. போர் முடியும்வரை பிரான்சுக்குள் ஹாலிவுட் படங்கள் போக முடியவில்லை. 1946-இல் ‘த மால்டீஸ் ஃபால்கன்’, ‘டபுள் இன்டெம்னிட்டி’, ‘லாரா’ எல்லாம் பாரிஸில் மொத்தமாக வந்து இறங்கியபோது, நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அவற்றைப் பற்றி எழுதுகையில் பயன்படுத்திய சொல் அது. அமெரிக்காவில் இவை வெறும் கிரைம் படம், மெலோடிராமா, அவ்வளவுதான். அதனால்தான் திரையில் இருட்டும் நிழலும் மழைத்தெருவுமாக ஓடும் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு, மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும் போஸ்டர் இருக்கிறது. இருட்டான போஸ்டரைத் தேடி வருபவர்கள் இங்கே கொஞ்சம் ஏமாந்து போவார்கள். எனக்கு அந்த முரண்தான் இதில் பிடித்ததே.

## அமெரிக்க ஒன்-ஷீட், முதல் வெளியீடு

27-க்கு 41 அங்குலம். தியேட்டர் வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் மாட்டியது. சேகரிப்பாளர்கள் பொதுவாகப் ‘போஸ்டர்’ என்று சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஓவியத்தில் இதை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் பெரிய அளவில், முழு வண்ணத்தில், நட்சத்திரத்தின் முகத்தை இரண்டடி உயரத்தில் பார்ப்பது தனி அனுபவம். அடையாளம் காண்பதும் ஓரளவு சுலபம். 1940 வாக்கிலிருந்து பெரும்பாலான ஸ்டூடியோக்களின் போஸ்டர்களை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம்தான் தியேட்டர்களுக்கு அனுப்பியது. கீழ் ஓரத்தில் 46/1234 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது வருடம். கூடவே ‘இது எங்கள் சொத்து, படம் ஓடி முடிந்ததும் உடனே திருப்பித் தர வேண்டும்’ என்ற தோரணையில் பொடி எழுத்தில் ஒரு வாசகம். 1940களின் தொடக்கத்தில் எல்லா ஸ்டூடியோவும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிடவில்லை. ஆகவே 1942 போஸ்டரில் எண் இல்லை என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் பயப்படுவது மடிப்புக் கோடுகளைப் பார்த்து. பயப்பட வேண்டியது மடிப்பே இல்லாததைப் பார்த்துத்தான். அந்தக் காலத்து ஒன்-ஷீட்கள் மடித்துத்தான் தியேட்டருக்குப் போயின. 1947 போஸ்டர் ஒன்று, துணி ஒட்டாமல், மடிப்புத் தடமே இல்லாமல், குழாயில் சுருட்டி வருகிறது என்று யாராவது சொன்னால் நான் இரண்டு தடவை யோசிப்பேன்.

இனி மறைந்திருக்கும் செலவு. எண்பது வருடக் காகிதம் மடிப்பில் கிழியும். அதனால் லினன் பேக்கிங் செய்கிறார்கள்: அமிலம் இல்லாத காகிதத்தையும் துணியையும் பின்னால் வைத்து, பின்னாளில் தண்ணீரில் பிரிக்கக்கூடிய பசையால் ஒட்டுவது. ஒரு ஒன்-ஷீட்டுக்கு நான் கொடுத்தது 200 டாலருக்குக் கொஞ்சம் மேல். கிழிந்த இடத்தில் வண்ணம் தீட்டினால் அது தனிக் கணக்கு. துணியின் ஓரத்தையும் சேர்த்தால் போஸ்டர் இன்னும் பெரிதாகிவிடும். அந்த அளவுக்கு ஃபிரேமும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக்கும் போட்டால் இன்னொரு 400 டாலர். 300 டாலர் போஸ்டர் சுவருக்கு ஏறும்போது 900 டாலர் ஆகியிருக்கும்.

என் முதல் ஒன்-ஷீட் கதையையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒரு தனிநபரிடம் வாங்கினேன். விவரத்தில் ‘மவுன்ட் செய்யப்பட்டது’ என்று இருந்தது. லினன்தான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை. வந்தது, சூடுபோட்டு அட்டைப் பலகையில் நிரந்தரமாக ஒட்டிய போஸ்டர். பழுதுபார்ப்பவரிடம் எடுத்துப் போனேன். ஒரு மூலையை நகத்தால் நெருடிப் பார்த்துவிட்டு, ‘பிரித்தால் பலகை முழுசாக வரும், போஸ்டர் வராது’ என்றார். இன்றைக்கும் அது என் அறையில்தான் இருக்கிறது, தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, விலை மட்டும் கிடையாது.

யாருக்குச் சரி: இடமும் பணமும் இருப்பவர்களுக்கு. அல்லது, இதுதான் முக்கியம், பெரிய படத்தைத் துரத்தாமல் சின்னப் படத்தை எடுக்கத் தயாராக இருப்பவர்களுக்கு. பார்க்கச் சகிக்காத படங்களுக்கு அற்புதமான போஸ்டர் வரைந்திருக்கிறார்கள். நட்சத்திரம் இல்லாத, பட்ஜெட் இல்லாத படத்தை விற்க அந்தக் காகிதத்தை விட்டால் வேறு என்ன இருந்தது? ஏலங்களில் நான் பார்த்தவரை இப்படியான படங்களின் ஒன்-ஷீட் சில நூறு டாலருக்கே போகும். ஆனால் சின்னப் படமெல்லாம் மலிவு என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். ‘டீடூர்’ 1945-இல் பி.ஆர்.சி. என்ற ஏழைக் கம்பெனி எடுத்தது, இன்று அதன் போஸ்டரைத் தொட முடியாது. ‘கன் கிரேஸி’யும் அப்படித்தான். அந்தப் படம் முதலில் ‘டெட்லி இஸ் த ஃபீமேல்’ என்ற பெயரில் வெளியானது, அப்புறம்தான் பெயரை மாற்றினார்கள், அதனால் இரண்டு பெயரிலும் போஸ்டர் உண்டு. எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று பார்த்து வாங்கலாம், பிடித்ததை வாங்கப் பணம் இருந்தால்.

## லாபி கார்டும் மற்ற அட்டைகளும்

11-க்கு 14 அங்குலம், கனமான அட்டை, ஒரு படத்துக்கு வழக்கமாக எட்டு. தியேட்டர் கூடத்தில் வரிசையாகக் குத்தி வைப்பார்கள். இந்தத் தொகுப்பில் முதல் அட்டை டைட்டில் கார்டு. அதில் போஸ்டர் ஓவியமும் பெயர்களும் இருக்கும். மற்ற ஏழிலும் படக்காட்சிகள்.

முதலில் வாங்குபவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். காரணம் ரொம்பச் சாதாரணம்: மடிப்பு இல்லை, ஃபிரேம் மலிவு, தபால் மலிவு, ஒரு மேஜை இழுப்பறையில் ஐம்பதை வைத்துவிடலாம். சின்ன நுவார் படமொன்றின் காட்சி அட்டை 25 டாலரிலிருந்தே கிடைக்கிறது. அதோடு இவற்றில் ஒரு விசித்திர அழகு உண்டு. படம் கறுப்பு வெள்ளை, அட்டையோ வண்ணம். ஸ்டில் புகைப்படத்துக்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து நிறம் கொடுத்திருக்கிறார். திரையில் நாம் சாம்பல் நிறமாகவே பார்த்துப் பழகிய நாயகியின் கவுன் இங்கே பச்சை, பின்சுவர் ஆரஞ்சு. அந்தக் கற்பனை நிறங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பிரச்சினை, எட்டும் ஒன்றல்ல. டைட்டில் கார்டுக்கும், நட்சத்திரத்தின் முகம் நெருக்கமாக இருக்கும் அட்டைக்கும் ஒரு விலை. இரண்டு துணை நடிகர்கள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும் அட்டைக்கு இன்னொரு விலை. இந்த இரண்டாவது வகையை டெட் கார்டு என்பார்கள். விலை குறைவு என்று வாங்கினால் சுவரில் மாட்டி ஒரு வாரத்தில் அலுத்துவிடும், விற்கவும் முடியாது. பெரிய படத்தின் டெட் கார்டைவிடச் சின்னப் படத்தின் டைட்டில் கார்டு மேல் என்பது என் கட்சி. இதை ஒத்துக்கொள்ளாத சேகரிப்பாளர்கள் நிறையப் பேர்.

மூலைகளில் குண்டூசி ஓட்டை இருந்தால் கவலை வேண்டாம், அது வேலை பார்த்த அட்டை என்பதற்கு அடையாளம். பின்பக்கம் செல்லோடேப் ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பழுப்புக் கறை நாளாக நாளாக முன்பக்கம் வரும்.

அட்டைக் குடும்பத்தில் இன்னும் மூன்று: 14-க்கு 36 அங்குலத்தில் ஒல்லியாக நிற்கும் இன்சர்ட், 22-க்கு 28-இல் படுக்கைவாட்டில் ஹாஃப்-ஷீட், கடைகளின் கண்ணாடியில் வைக்கிற 14-க்கு 22 விண்டோ கார்டு. இன்சர்ட்டுக்கு நான் அடிமை. இரண்டு கதவுகளுக்கு நடுவில் வேறு எதற்கும் உதவாத சுவர்த்துண்டு எல்லா வீட்டிலும் இருக்குமே, அதற்காகவே செய்ததுபோல் இருக்கும். விண்டோ கார்டின் மேலே காலியாக விட்ட பட்டையில் உள்ளூர்த் தியேட்டரின் பெயரையும் நாளையும் அச்சடிப்பார்கள். அதை வெட்டி எடுத்திருந்தால் விலை விழும்.

போலி விஷயத்தில் லாபி கார்டு ஆபத்தில்லாத இடம் அல்ல. 2009 வாக்கில் யுனிவர்சலின் பழைய திகில் படங்களுக்குப் போலி லாபி கார்டுகள் புழக்கத்துக்கு வந்து, பெரிய பெரிய சேகரிப்பாளர்களே மாட்டிக்கொண்டார்கள். அவை ஆயிரக்கணக்கில் விலை போகும் அட்டைகள். 40 டாலர் அட்டைக்கு யாரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் ஆறுதல்.

## மறுவெளியீட்டுப் போஸ்டர்

தொலைக்காட்சி வந்து ஆட்டத்தைக் கலைப்பதற்கு முன்பும், கலைத்த பின்பும்கூட, ஸ்டூடியோக்கள் ஓடிய படங்களைத் திரும்ப வெளியிட்டன. லாரா 1952-இல் வந்தது, ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’ 1953-இல், கில்டா 1959-இல். அப்போது புதிதாக அச்சடித்த போஸ்டர்களில் எண்ணுக்கு முன்னால் R என்ற எழுத்து இருக்கும். R52 என்றால் 1952 மறுவெளியீடு.

இவையும் அசல்தான், தியேட்டரில் தொங்கியவைதான். விலை மட்டும் முதல் வெளியீட்டில் ஒரு சின்னப் பங்கு. குறை என்னவென்றால், பல மறுவெளியீடுகளில் செலவைக் குறைக்க இரண்டே நிறத்தில் அச்சடித்துவிட்டார்கள், ஓவியத்தை எடுத்துவிட்டுப் புகைப்படத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். எல்லாமே அப்படி இல்லை, ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும். விற்பவர் R எழுத்தைப் பற்றி வாய் திறக்காமல் ‘1944 லாரா போஸ்டர்’ என்று போட்டிருந்தால், கீழ் ஓரத்தின் நெருக்கப் படத்தைக் கேளுங்கள். அந்த ஓரத்தை வெட்டிவிட்டிருந்தாலோ, ஃபிரேம் மறைத்திருந்தாலோ, விட்டுவிடுங்கள்.

குறிப்பிட்ட ஒரு படத்தின் மேல்தான் ஆசை, அதுவும் பெரிய படம், ஆனால் பட்ஜெட் மூன்று இலக்கம் என்றால் இதுதான் வழி.

## ஐரோப்பியப் போஸ்டர்

நான் அதிகம் பணம் விட்டதும், அதிகம் சந்தோஷப்பட்டதும் இங்கேதான்.

இத்தாலியில் போஸ்டர் வரைந்தவர்கள் நிஜ ஓவியர்கள். அன்செல்மோ பாலெஸ்டர், அல்ஃப்ரெடோ கபிதானி, லூய்ஜி மார்தினாதி என்ற மூவரைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். அமெரிக்கப் போஸ்டரில் பெரும்பாலும் வரைந்தவர் பெயரே இருக்காது. இங்கே கையெழுத்தே போட்டிருப்பார்கள். மார்தினாதி வரைந்த 1946 இத்தாலிய ‘காசாபிளாங்கா’ போஸ்டர் 2017-இல் ஹெரிடேஜ் ஏலத்தில் 4,78,000 டாலருக்குப் போனது. காசாபிளாங்கா நுவாரா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அமெரிக்கப் படத்துக்கு இத்தாலியக் காகிதம் இவ்வளவு விலை போகும் என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் அளவு! இத்தாலிய ‘துவே ஃபோல்யி’ 100-க்கு 140 செ.மீ., ‘குவாத்ரோ ஃபோல்யி’ 140-க்கு 200. பிரெஞ்சு ‘கிராந்த்’ 120-க்கு 160. அளவு நாடா எடுக்காமல் ஏலத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். வந்த பிரெஞ்சுப் போஸ்டரை மாட்டும் அளவுக்கு எங்கள் வீட்டில் இருந்தது படுக்கையறைச் சுவர் ஒன்றுதான். தினமும் காலையில் கண் விழித்தால் துப்பாக்கியோடு ஒருவன் நிற்பதில் என் மனைவிக்கு உடன்பாடு இல்லை.

சரி, சிறியது வேண்டுமென்றால் பெல்ஜியம். போருக்குப் பிந்தைய பெல்ஜியப் போஸ்டர் சுமார் 36-க்கு 55 செ.மீ.தான், விண்டோ கார்டு அளவு. பிரெஞ்சு, ஃபிளெமிஷ் என இரண்டு மொழியிலும் தலைப்பு. பல போஸ்டர்களில் ஓரமாக ஒரு வரிமுத்திரை ஒட்டியிருக்கும், பொது இடத்தில் மாட்ட வரி கட்டிய அடையாளம். முத்திரை இருந்தால் அந்தப் போஸ்டர் வெளியே போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். இதைவிட எளிமையான அத்தாட்சி வேறென்ன வேண்டும்? விலையும் அமெரிக்க ஒன்-ஷீட்டோடு ஒப்பிட்டால் பாதிக்கும் பாதி.

மாட்டிக்கொள்ளும் இடம் வருடம். பல பெல்ஜியப் போஸ்டர்களில் வருடமே அச்சாகியிருக்காது, R எழுத்தும் கிடையாது. 1947-இல் வந்ததா, பத்து வருடம் கழித்து மறுவெளியீட்டுக்கு வந்ததா என்பதை விநியோகஸ்தர் பெயரையும் காகிதத்தையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கும். விற்பதற்கும் ஆள் குறைவு, அமெரிக்கச் சேகரிப்பாளர்களில் பாதிப் பேர் ஆங்கிலம் இல்லாத போஸ்டரைத் தொடமாட்டார்கள்.

ஒரு சின்னத் தந்திரம். படத்தின் பெயரை அந்தந்த நாட்டுப் பெயரில் தேடுங்கள். டபுள் இன்டெம்னிட்டி பிரான்சில் ‘அசுரான்ஸ் சுர் லா மோர்’, அதாவது சாவின் மேல் காப்பீடு. அவுட் ஆஃப் த பாஸ்ட் பிரெஞ்சில் என்னை உயரத் தூக்கிலிடு என்பதுபோல் ஒரு பெயரோடும், இத்தாலியில் குற்றத்தின் சங்கிலிகள் என்ற பெயரோடும் ஓடியது. ஆங்கிலப் பெயரைப் போடாமல் உள்ளூர்ப் பெயரை மட்டும் போட்டு விற்பவர்களிடம் போட்டி குறைவு.

## புதுப் பிரின்ட்

20, 30 டாலருக்கு நல்ல காகிதத்தில், நினைத்த அளவில் கிடைக்கும். வெயில் படும் சுவருக்கும், குழந்தைகள் பந்து எறியும் ஹாலுக்கும் இதுதான் சரி. இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒன்று இருக்கிறது, தாளிப்பு எண்ணெய் தெறிக்கும் இடத்தில் 1948 காகிதத்தையா மாட்டுவேன்? விற்பனை மதிப்பு பூஜ்யம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

தெரியாமல் வாங்குவதுதான் பிரச்சினை, ஏனென்றால் இதே பிரின்டைக் கசக்கி, டீத்தண்ணீரில் பழுப்பாக்கி ஒரிஜினல் என்று விற்கிறார்கள். முதலில் அளவு. 24-க்கு 36 என்றாலே ஒரிஜினல் ஒன்-ஷீட் இல்லை. 27-க்கு 40 என்றாலும் கவனம், அது எண்பதுகளுக்குப் பிந்தைய அளவு. அடுத்து, மடிப்புக் கோடு படத்திலேயே அச்சாகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரமெல்லாம் புள்ளிப் புள்ளியாகக் கலங்கியிருந்தால் அது போஸ்டரைப் படம் எடுத்து அச்சடித்தது. கீழே எண்ணும் நேஷனல் ஸ்கிரீன் வாசகமும் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்கேன் செய்யும்போது அதுவும் சேர்ந்துதான் வரும்.

எனக்குப் பிடித்த சோதனை பத்து டாலர் பிளாக்லைட் டார்ச், அதாவது புற ஊதா வெளிச்சம் அடிப்பது. காகிதத்தை வெள்ளையாகக் காட்ட இப்போது சேர்க்கும் ரசாயனங்கள் 1950 வாக்கில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தன. இருட்டறையில் டார்ச் அடித்ததும் 1946 போஸ்டர் நீல வெள்ளையாகப் பளீரென்று எரிந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பழைய காகிதம் மங்கலாகவே இருக்கும். பழுதுபார்த்த இடங்களும் இந்த வெளிச்சத்தில் தனியாகத் தெரியும்.

## ஒரே பார்வையில்

| வகை | அளவு | விலைக்கு மேல் வரும் செலவு | அசலா என்று பார்க்க | விற்பது |
|---|---|---|---|---|
| முதல் வெளியீட்டு ஒன்-ஷீட் | 27 × 41 அங்குலம் | அதிகம்: லினன், பெரிய ஃபிரேம் | எண், மடிப்பு, காகிதம் | சுலபம் |
| லாபி கார்டு | 11 × 14 அங்குலம் | மிகக் குறைவு | அட்டை, குண்டூசி ஓட்டை | நல்ல காட்சி என்றால் சுலபம் |
| மறுவெளியீடு | 27 × 41 அங்குலம் | ஒன்-ஷீட் போலவே | R எழுத்து | மெதுவாக |
| இத்தாலி, பிரான்ஸ் | ஒரு சுவர் முழுக்க | மிக அதிகம் | அச்சகப் பெயர், ஓவியர் கையெழுத்து | ஆள் பார்த்து |
| பெல்ஜியம் | சுமார் 36 × 55 செ.மீ. | குறைவு | வரிமுத்திரை. வருடம் கடினம் | மெதுவாக |
| புதுப் பிரின்ட் | எதுவும் | ஒன்றுமில்லை | தேவையில்லை | இல்லை |

மறுவெளியீட்டில் ஒன்றைக் கவனியுங்கள்: போஸ்டர் மலிவு, ஆனால் லினனும் ஃபிரேமும் மலிவாகாது. 150 டாலர் போஸ்டருக்கு 600 டாலர் அலங்காரம் செய்ய மனசு வருமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் கூரியரையும் சுங்கத்தையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து லாபி கார்டின் விலையையே தாண்டிவிடும், அதனால் நாலைந்தைச் சேர்த்து ஒரே பொதியாக வரவழைப்பது நல்லது. மடித்த போஸ்டரை மடித்தபடியே இரண்டு அட்டைகளுக்கு நடுவில் தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். குழாயில் சுருட்டினால் மடிப்புகள் வழியிலேயே வெடிக்கும்.

‘இவ்வளவு பழைய காகிதம் அங்கே எப்படித் தப்பித்தது, நம் ஊர்ப் பழைய போஸ்டர் ஒன்றுகூடக் கண்ணில் படுவதில்லையே’ என்று சிலர் கேட்பதுண்டு. நம் ஊரில் பசை தடவிச் சுவரில் ஒட்டினோம், அடுத்த வாரம் அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டினோம். அங்கே ஒன்-ஷீட்டைக் கண்ணாடிப் பெட்டியில் மாட்டித் திருப்பி வாங்கினார்கள். அவர்களும் வெளிச்சுவரில் ஒட்டிய 24 ஷீட் போன்ற பெரிய போஸ்டர்கள் இன்று அபூர்வம்தான். போர்க்காலத்தில் பழைய காகிதத்தைச் சேகரித்து அரைத்ததில் போனதும் கொஞ்சநஞ்சமில்லை.

கில்டா கேட்ட நண்பருக்கு 1959 மறுவெளியீட்டைச் சொன்னேன், பிடிக்கவில்லை. டெட் கார்டு ஒன்றைக் காட்டினேன், ‘இதில் ரீட்டா ஹேவொர்த் எங்கே’ என்றார். கடைசியில் இருவரும் கேள்வியே படாத ஒரு படத்தின் பெல்ஜியப் போஸ்டரை 90 டாலருக்கு வாங்கினார்: தெருவிளக்கு, சிவப்புக் கோட்டு, ஒரு பாதி முகம். ஃபிரேம் போட்டு வந்ததும் படம் அனுப்பினார். மறுநாளே ஃபிரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம், போஸ்டரைச் சுற்றி வைத்த மவுன்ட் அட்டை வரிமுத்திரையை மறைக்கிறது என்று.